ஜப்பானில் முதுநிலைப் படிப்பு

கேள்வி: ஜப்பானிய மொழி தெரியாமல் அங்கு முதுநிலை அறிவியல் படிக்க முடியுமா? செலவை எப்படிச் சமாளிப்பது? (மதுரை வாசகி)

பதில்: முடியும். டோக்கியோ, கியோட்டோ போன்ற பல்கலைக்கழகங்களில் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் உள்ளன. ஆனால் உங்கள் ஆர்வத்தோடு பொருந்தும் பேராசிரியரைக் கண்டறிந்து, அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, தெளிவான ஆய்வுத் திட்டத்துடன் அவருக்கு மின்னஞ்சல் எழுதுவது பல துறைகளில் விண்ணப்பத்திற்கு முந்தைய படி என்பதால், அதையே முதலில் செய்யுங்கள். தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வகுத்த அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம், விமானச் செலவு ஆகியவற்றுடன் மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் கிடைக்கும். அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம் என்றாலும், அந்த வருமானத்தை மட்டுமே நம்பிப் புறப்பட வேண்டாம். ஆய்வகத்தில் ஆங்கிலம் போதுமென்றாலும் வாடகை ஒப்பந்தத்திற்கும் மருத்துவமனைக்கும் ஜப்பானிய மொழி தேவைப்படும். ஆகவே அதை இப்போதே கற்கத் தொடங்குங்கள்.