பனிமூட்டத்தில் சோலார் படித்து என்ன பயன்?

தம்பி, பேராதனையில் பொறியியல் கிடைத்திருக்கிறது, ஆனால் ஹட்டன் பனிமூட்டத்தில் சோலாரால் என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் போங்கள். சோலாருக்கென்று தனிப் பட்டம் தேடி அலைய வேண்டாம், மின் பொறியியலைக் கேளுங்கள். மின்சாரத்தை வேண்டிய வடிவத்துக்கு மாற்றும் பாடமான பவர் எலெக்ட்ரோனிக்ஸை இறுகப் பிடித்துக்கொண்டால், பெனல் தரும் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் இன்வர்ட்டர் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

மூட்டம் வெளிச்சத்தைக் குறைக்கும், சரி. ஆனால் சிலிக்கன் பெனல் 25 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீத வலுவை இழக்கிறது. உச்சி வெயிலில் தகரக் கூரைமேல் இருக்கும் பெனலைத் தொட்டால் கை சுடும். அந்த நேரத்தில் நம் மலைக்காற்று அதற்குப் பெரிய உதவி.

அப்புறம், புதுப்பிக்கத்தக்க சக்தி என்றால் சோலார் மட்டுமா? நோர்ட்டன் பிரிட்ஜில் 50 மெகாவாட் விமலசுரேந்திர நீர்மின் நிலையம் 1965இலிருந்து இருக்கிறதே, உங்கள் ஊர்ப் பக்கம்தான். பயிற்சிக் காலம் வரும்போது அங்கே இடம் கேட்டுப் பாருங்கள்.