மஞ்சளை வேகவைப்பதும் காயவைப்பதும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பொங்கலுக்குக் கொத்தோடு பிடுங்கியது போக மீதமுள்ள மஞ்சளை என்ன செய்வது என்று தை பிறந்ததிலிருந்து பலர் கேட்டு வருகிறார்கள். அடிக்கடி வந்த சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மாடித் தோட்டத்துத் தொட்டிகளில் மஞ்சள் நட்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. இலைகள் பாதி பச்சையாகவே உள்ளன. இப்போதே தோண்டலாமா?

சமையலுக்குப் பச்சையாகப் பயன்படுத்துவதென்றால் தோண்டலாம். பொடிக்கு என்றால் காத்திருங்கள். இரகத்தைப் பொறுத்து மஞ்சள் 7 முதல் 9 மாதங்களில் முற்றும். இலையும் தண்டும் முழுவதும் பழுத்துக் காய்ந்து சாய்வதே அதற்கான அடையாளம். முற்றாத கிழங்கில் நீர் அதிகமிருப்பதால் காய்ந்தபின் சுருங்கி எடை குறைந்துவிடும். தோண்டும்போது கீறுபட்ட மஞ்சள் விரல்களை (தாய்க்கிழங்கிலிருந்து விரல்போல் கிளைத்த துண்டுகளை) தனியே எடுத்து உடனே செலவழித்துவிடுங்கள், ஏனெனில் பூஞ்சை முதலில் காயத்தில்தான் ஏறும்.

வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்கிறார்கள். நறுக்கி அப்படியே வெயிலில் காயவைத்தால் போதாதா?

இரண்டும் வழக்கத்தில் உள்ள முறைகளே. மேகாலயாவின் லகடாங் மஞ்சளைப் பெரும்பாலும் மெல்லிய வில்லைகளாகச் சீவித்தான் காயவைக்கிறார்கள். நம் ஈரோட்டுப் பக்கம் வேகவைப்பதே மரபு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் விற்பனை முறையும் சேமிப்பும்தான். ஈரோட்டுச் சந்தைக்கு வருவது முழு விரலியும் முழுக் கிழங்கும்; முழுதாக இருக்கும் விரலை வேகவைக்காமல் வெயிலில் போட்டால் தோல் காய்ந்து இறுகிய பிறகும் உள்ளே ஈரம் சிறைப்பட்டிருக்கும், சில விரல்கள் முளைக்கவும் தொடங்கும். வேகும்போது முளைக்கும் திறன் அழிகிறது, மாவுச்சத்து பசையாகி இறுகுகிறது, நிறம் விரலின் நுனிவரை ஒரே சீராகப் பரவுகிறது, பச்சை வாடை நீங்குகிறது, காயும் நாட்களும் குறைகின்றன.

வீட்டில் இரண்டு மூன்று கிலோ மட்டுமே உள்ளவர்கள் தாராளமாகச் சீவிக் காயவைக்கலாம். பொடியின் மணம் சற்று மண்வாடையோடு இருக்கும், அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் முழு விரலாக வைத்திருக்க விரும்பினால் வேகவைப்பதைத் தவிர்க்காதீர்கள்.

எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும்? சென்ற முறை சில குழைந்துவிட்டன, சில நறுக்கென்று இருந்தன.

விரலையும் தாய்க்கிழங்கையும் ஒரே பாத்திரத்தில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கிழங்கு பருமனானது, வேக அதிக நேரம் பிடிக்கும். அதை இரண்டாகப் பிளந்து தனியே வேகவைக்க வேண்டும். தோண்டிய இரண்டு மூன்று நாட்களுக்குள், மண் போகக் கழுவி, மூழ்கும் அளவு நல்ல தண்ணீர் ஊற்றி அடுப்பேற்றுங்கள். பொதுவாக 45 முதல் 60 நிமிடங்கள் ஆகும் என்றாலும் கடிகாரத்தைவிட மூக்கும் கையும் நம்பகமானவை. நுரை பொங்கி, வெள்ளை ஆவி எழுந்து, பச்சை வாடை மாறி வெந்த மஞ்சளுக்கே உரிய மணம் வரும்போது ஒரு விரலை எடுத்து ஒரு வேப்பங்குச்சியின் மழுங்கிய முனையால் குத்திப் பாருங்கள். குச்சி தடையில்லாமல் இறங்கினால் உடனே இறக்கி நீரை வடித்துவிடுங்கள். அதற்கு மேல் வெந்தால் நிறம் கெடும். குறைவாக வெந்தால் காய்ந்தபின் எளிதில் நொறுங்கும்.

சாணம் கரைத்து வேகவைக்கும் பழைய வழக்கத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். உண்ணும் பொருளுக்கு அது வேண்டாம்.

பத்து நாள் வெயிலில் காய்ந்தது. மேலே கல்லாக இருக்கிறது, டப்பாவில் அடைக்கலாமா?

தயவுசெய்து உடைத்துப் பாராமல் அடைக்காதீர்கள். மஞ்சள் வெளியிலிருந்து உள்நோக்கிக் காயும். கையில் தட்டுப்படும் கடினம் தோலின் செய்தி மட்டுமே. நானும் ஒரு முறை எட்டாம் நாளே தகர டப்பாவில் போட்டு மூடி, பங்குனியில் திறந்தபோது விரல்களின் இடுக்குகளில் வெண்பூஞ்சை படர்ந்திருந்ததைக் கண்டு முழுவதையும் குழியில் கொட்டினேன். ஓர் ஆண்டு உழைப்பு அது.

பருமனான விரல் ஒன்றை எடுத்து இரண்டாக ஒடியுங்கள். நன்கு காய்ந்தது உலோகத்தைத் தட்டியதுபோல் ஓசையுடன் முறியும். உள்ளே கொம்பு போன்று கெட்டியாக, ஒரே செம்மஞ்சளாக இருக்கும். வளைந்து கொடுத்தாலோ நடுவில் மட்டும் கருத்த வட்டம் தெரிந்தாலோ இன்னும் வெயில் வேண்டும். ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க 10 முதல் 15 நாட்கள் ஆவது இயல்பு. மூங்கில் பாயிலோ சுத்தமான சிமெண்டுத் தளத்திலோ 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள், மிக மெல்லியதாகப் பரப்பினால் வெயில் நேராகத் தாக்கி நிறம் வெளிறும். மாலையில் குவித்து, காற்றுப் புகும் சாக்கால் மூடுங்கள். பனி படாமலிருக்க மட்டுமல்ல, உள்ளே நின்ற ஈரம் இரவில் மெல்ல மேற்பரப்புக்கு வரவும் அது உதவுகிறது. பாலித்தீன் தாளால் மூடினால் அந்த ஈரம் போக வழியின்றி விரல் மீதே தங்கிவிடும். மின் உலர்த்தி வைத்திருப்பவர்கள் 60 டிகிரி செல்சியசைத் தாண்ட வேண்டாம்.

பத்துக் கிலோ பச்சை மஞ்சள் காய்ந்து ஏறக்குறைய இரண்டு கிலோ ஆவதைக் கண்டு சிலர் வருந்தி எழுதியிருக்கிறார்கள். குறைந்தது தண்ணீர்தான்.

விதைக்கு எடுத்து வைப்பது எப்படி?

நோயற்ற, பருத்த கிழங்குகளை வேகவைக்காமல், வெயிலிலும் போடாமல், நிழலில் குவித்து மஞ்சள் இலைகளால் மூடுங்கள். மணலோடு கலந்து குழியில் வைப்பதும் உண்டு.

எங்கள் பொடி கடைப் பொடி போலப் பளிச்சென்று இல்லையே?

தோலைத் தேய்த்து நீக்காததால் நிறம் மங்கலாகத் தெரியலாம். காய்ந்த விரல்களைச் சணல் சாக்கில் போட்டு இருவர் இருபுறமும் பிடித்து உருட்டித் தேய்த்தால் மேல்தோலும் வேர்த் துணுக்குகளும் உதிர்ந்துவிடும். ஆயினும் கண்ணைப் பறிக்கும் மஞ்சளை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அந்தப் பளபளப்புக்காக ஈயக் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் நிறமியைக் கலக்கும் கொடுமை உண்மையாகவே நடக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உங்கள் மங்கலான பொடியை நிம்மதியாகக் குழந்தைக்குக் கொடுக்கலாம். ஆறு மாதத் தேவைக்கு மட்டும் அரைத்து, ஒளி புகாத பாத்திரத்தில் வையுங்கள், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். மில்லுக்குப் போகும்போது முதலில் ஒரு பிடி அரிசியை ஓட்டச் சொல்லுங்கள். முன்னால் அரைத்தவரின் மிளகாய் அதோடு வெளியேறிவிடும்.