ஒன்பதரை மணிக்கு மேல் ஐந்து கிளாஸ்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், வயது 43. அப்பா அம்மா திருமங்கலத்திலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். டிசம்பர் விடுமுறைக்கு மயாமியிலிருந்து ஏழு இரவு ராயல் கரீபியன் கப்பலில் எல்லோருக்கும் பதிவு செய்திருக்கிறேன். ரோவாட்டான், கோஸ்டா மாயா, கோசுமெல், கோகோகே என்று நான்கு இடங்களில் நிற்கும். மது பேக்கேஜ், அதாவது நாளைக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டிவிட்டுக் கப்பலில் வேண்டியதைக் குடித்துக்கொள்ளும் திட்டம், வாங்கலாமா என்று குழப்பம். தள்ளுபடி போக ஒரு நாளைக்கு 85 டாலர், அதற்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம். ஓர் அறையில் ஒருவர் வாங்கினால் அதே அறையிலுள்ள மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டுமாம். மனைவி குடிக்கமாட்டாள். அதனால் நானும் 13 வயது மகனும் ஓர் அறை, மனைவியும் மகளும் அப்பா அம்மாவோடு இன்னோர் அறை என்று பதிவு செய்தால் ஒரு பேக்கேஜோடு முடியும். நான் பெரிய குடிகாரன் இல்லை, இரண்டு மூன்று பெக்தான். அப்பா முன்னால் இதுவரை குடித்ததே இல்லை. சாப்பாட்டுக்கு ஐந்தரை மணிப் பந்தியை எடுத்திருக்கிறேன், ஒன்பதரைக்குள் அவர்களைப் படுக்க அனுப்பிவிட்டால் அப்புறம் என் நேரம். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அம்மாவுக்கு முழங்கால் வலி. தள்ளுபடி இன்னும் நான்கு நாளில் முடிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, வாங்காதீர்கள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 85 டாலரோடு 18 சதவீதத்தைச் சேர்த்தால் நாளைக்கு 100 டாலர் 30 சென்ட். ஏழு நாளைக்கு 702 டாலர். வேண்டிய நாளுக்கு மட்டும் வாங்க விடமாட்டார்கள், பயணம் முழுவதற்கும் கட்டவேண்டும். ஒரு காக்டெயில் 14 டாலர் என்று வைத்துக்கொண்டால் சேவைக் கட்டணத்தோடு பதினாறரை ஆகிறது. போட்ட பணத்தை எடுக்க தினமும் ஆறு குடிக்கவேண்டும். பீர் என்றால் பத்து. பகலில் இரண்டு லாட்டே காபியும் ஒரு தண்ணீர் பாட்டிலும் அதே பேக்கேஜில் எடுத்துக்கொண்டாலும் ராத்திரிக்கு ஐந்து கிளாஸ் மிச்சம் நிற்கிறது. கரையில் இறங்கிச் சுற்றும் நேரத்துக்கு அது உதவாது. கம்பெனியின் சொந்தத் தீவான கோகோகேயில் மட்டும்தான் செல்லும். நீங்கள் சொல்லும் மூன்று பெக்கை அவ்வப்போது காசு கொடுத்து வாங்கினால் நாளைக்கு ஐம்பது டாலரோடு முடிந்தது, வாரத்துக்கு 350 டாலர் மிச்சம். காலை முதல் பாரில் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளுக்கு இந்தப் பேக்கேஜ் லாபம்தான். மூன்று பெக்காரருக்கு நஷ்டம்.

இந்தக் கூட்டலையும் பெருக்கலையும் நீங்களும் போட்டுப் பார்த்திருப்பீர்கள். போட்ட பிறகும் கேட்கிறீர்கள் என்றால் மூன்றோடு நிற்கப்போவதில்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. முன்பணம் கட்டிவிட்டால், மொய் எழுதியாயிற்று என்று இரண்டு பந்தி உட்காருகிறவரைப்போல ஆகிவிடுவோம். கார்னிவல் என்ற இன்னொரு கப்பல் கம்பெனி தன் பேக்கேஜுக்கு 24 மணி நேரத்தில் 15 மதுபானம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அப்படி ஒரு வரம்பு எழுதவேண்டி வந்திருக்கிறது என்றால் முன்பணம் கட்டியவர்கள் எப்படிக் குடிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ராயல் கரீபியனில் அந்த எண்ணிக்கை வரம்பும் கிடையாது.

பணக் கணக்கு இவ்வளவுதான். இனி நான் பேச வந்ததைப் பேசுகிறேன்.

"ஒன்பதரைக்குள் அவர்களைப் படுக்க அனுப்பிவிட்டால் அப்புறம் என் நேரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பந்தி நேரத்தோடு சேர்த்து, அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒன்பதரைக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பினால் உங்கள் கையில் இருப்பது மூன்றரை மணி நேரம். அதற்குள் ஐந்து கிளாஸ் இறக்கினால்தான் போட்ட பணம் கைக்கு வரும். ஏழு ராத்திரியும் அப்படியே. அதாவது, பெற்றவர்கள் எத்தனை சீக்கிரம் கண்ணை மூடுகிறார்களோ அத்தனை நல்லது என்று நினைக்கவைக்கும் ஒன்றை 702 டாலர் கொடுத்து வாங்கப்போகிறீர்கள். அம்மா "இன்னும் கொஞ்ச நேரம் காற்றாட உட்காருவோமே" என்று சொன்னால் உங்கள் கண் கடிகாரத்துக்குப் போகும். போகாது என்று சொல்லாதீர்கள். பணம் கட்டியவர்களுக்கெல்லாம் போகும்.

அந்த ஐந்தரை மணிப் பந்தி யாருக்காக? திருமங்கலத்தில் எந்த வீட்டில் ஐந்தரைக்கு ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள்? அது காபி நேரம். கப்பலில் எட்டு மணி வாக்கில் இரண்டாம் பந்தி உண்டு, உங்களுக்கும் தெரியும். அவர்களுக்கு அப்போதுதான் பசிக்கும் என்றும் தெரியும். தெரிந்தும் முதல் பந்தியை எடுத்திருக்கிறீர்கள். எழுபது வயதுக்காரர்களின் சாப்பாட்டு நேரத்தை உங்கள் பார் நேரத்துக்குத் தோதாக இழுத்து வைத்திருக்கிறீர்கள் தம்பி. இதைச் சொல்லவே எனக்குக் கோபம் வருகிறது.

இதே விஷயம் வேறு வேறு வேஷத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கல்யாண வீட்டு மொட்டை மாடி, கொடைக்கானல் காட்டேஜ், குலதெய்வம் கும்பிடப் போன ஊரில் எடுத்த லாட்ஜ் ரூம். எல்லாக் கடிதத்திலும் பெரியவர்கள் சீக்கிரம் தூங்கவேண்டும் என்று ஒருவர் காத்திருக்கிறார்.

அப்பா அம்மா ஆறு மாதம் அமெரிக்காவில் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நீங்களும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவீர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம். வெளியே குளிர். நடந்து போய் ஒரு கடையில் தினத்தந்தி வாங்க முடியாது. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. டிவியில் பார்த்ததையே பார்த்துக்கொண்டு, கராஜ் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். நீங்கள் வந்ததும் லேப்டாப்பை விரிப்பீர்கள். இந்தியா டீமோடு கால் இருக்கும். அவர்கள் குறை சொல்லமாட்டார்கள். "பாவம், புள்ளைக்கு வேலை" என்று உங்களுக்காக வருத்தப்படுவார்கள். ஆபீஸ் போன் வராத ஏழு நாள் இந்த ஆறு மாதத்தில் இந்தக் கப்பலில்தான் கிடைக்கப்போகிறது. அதிலும் ஒன்பதரைக்கு மேல் மகன் இல்லை என்று ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். அப்பா எதையாவது பழசைப் பேசுவது பெரும்பாலும் ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகுதான். தாத்தா நிலத்தை ஏன் விற்றார், அக்கா கல்யாணத்துக்கு யாரிடம் கடன் வாங்கினார் என்பதையெல்லாம் மத்தியானம் பஃபே வரிசையில் நின்றுகொண்டு யாரும் சொல்லமாட்டார்கள்.

அப்பா முன்னால் குடித்ததில்லை என்கிறீர்கள். எனக்குக் குடி பிடிக்காது, அதை நான் மறைப்பதில்லை. ஆனாலும் இந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். பெற்றவர் முன்னால் செய்யக்கூடாதவை என்று சில இருக்கவேண்டும் என்று நம்புகிறவள் நான். ஆனால் மரியாதை என்றால் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கவேண்டும். அவரோடு இருக்கும் ஏழு ராத்திரி குடிக்காமல் இருப்பது மரியாதை. அவரைத் தூங்கவைத்துவிட்டுக் குடிப்பதில் நீங்கள் எதை விட்டீர்கள்? அவருடைய ராத்திரியைத்தான் எடுத்துக்கொண்டீர்கள். அவருக்குத் தெரியாது என்றும் நினைக்காதீர்கள். காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பையன்களின் முகத்தைப் பார்த்தவர். காலை எட்டு மணிக்கு உங்கள் கண்ணைப் பார்த்தாலே போதும். வெளியே சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

இப்போது அறைப் பதிவுக்கு வருவோம். ஒரு பேக்கேஜைக் காட்டி இரண்டு பேர் பகிர்ந்து குடிக்கக்கூடாது என்றுதான் அந்த விதியை வைத்திருக்கிறார்கள். அதில் ஓட்டை எங்கே என்று தேடி மகனைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலில் மதுவுக்கு வயது 21, பையனுக்கு 13, ஆகவே அவன் பெயரில் பேக்கேஜ் வேண்டாம். சரி. ராத்திரி அந்த அறையில் என்ன நடக்கும்? நீங்கள் பாரில் இருக்கும்போது அவன் தனியாக இருப்பான். ஒரு மணிக்குக் கதவு திறக்கும். நீங்கள் ஐந்து கிளாஸோடு உள்ளே வருவீர்கள். ஜன்னலைத் திறக்கவும் வழியில்லாத சின்ன கப்பல் அறை, பதின்மூன்று வயதுப் பையன், பாதித் தூக்கம். அப்பாவிடம் இருபது வருடமாக மறைத்ததை மகனுக்கு ஏழு நாள் தொடர்ந்து காட்டப்போகிறீர்கள். அதோடு, தாத்தாவுக்குத் தெரியாமல் எப்படிச் செய்வது என்ற பாடத்தையும் அவன் கற்றுக்கொள்வான். இன்னும் சில வருடத்தில் அவன் அதை உங்களிடம் செய்து பார்ப்பான். அப்போதும் எனக்கு ஒரு கடிதம் எழுதுவீர்கள்.

உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் இரண்டே விஷயம் இருக்கிறது: அவர் குடிக்கமாட்டார், அவர் வேறு அறை. மாமனார் மாமியார் மாத்திரையும் மகளின் தூக்கமும் அவர் கையில், பார் உங்கள் கையில். அவருக்கும் இது விடுமுறை என்று நினைத்துத்தானே அவருக்கும் டிக்கெட் எடுத்தீர்கள்? அவரை எந்த அறையில் போடலாம் என்று பார்த்த நேரத்தில், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

குடும்பம் கூட இருக்கும் அந்த ஒரு வாரம் தொடாமல் இருங்கள், அதுதான் நான் சொல்வது. முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியும் என்றால் பேக்கேஜ் பேச்சே இல்லை. ஏழு நாள் முடியாது, கை நடுங்கும், தூக்கம் வராது என்றால் நீங்கள் எழுதவேண்டிய கடிதம் வேறு. அதை எனக்கு எழுதவேண்டாம், ஊருக்குத் திரும்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இப்போதே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒளிவு மறைவில்லாமல் எத்தனை பெக் என்று சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அதை டாக்டர் சொல்லித்தான் செய்யவேண்டும். ஒரே ஒரு நாள், விசேஷ ராத்திரி, ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கத் தோன்றினால் அப்பாவிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். 43 வயதில் அதைச் சொல்லத் தைரியம் இல்லை என்றால் குடிக்காதீர்கள்.

சரி, மிச்சமாகும் பணத்தில் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். குடிக்கிற தண்ணீருக்குக் கப்பலில் காசு கிடையாது. பஃபேயில் சாதாரண காபி, டீ, லெமனேட் எல்லாம் டிக்கெட் விலையில் அடக்கம். ஆக யாருக்கும் எந்தப் பேக்கேஜும் அவசியமில்லை. அந்தக் காபி அம்மாவுக்குப் பிடிக்காது. கெட்டிலைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், அறையில் அனுமதி இல்லை, எடுத்து வைத்துக்கொள்வார்கள். நல்ல இன்ஸ்டன்ட் காபித் தூள் கொண்டுபோங்கள். பஃபேயில் வெந்நீரும் பாலும் கிடைக்கும், காலையில் நீங்களே போய்க் கலந்து எடுத்து வந்து கொடுங்கள். டைனிங் ஹாலில் முதல் நாளே தலைமைப் பரிமாறுபவரிடம் இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும் என்று சொல்லிவைத்தால் மறுநாளிலிருந்து செய்து தருவார்கள். சொல்லாவிட்டால் ஏழு நாளும் அம்மா ரொட்டியும் பழமும்தான் சாப்பிடுவார்.

கோசுமெல் நாளைக் கடற்கரையில் வீணாக்காதீர்கள். அந்தத் தீவிலேயே சான் ஹெர்வாசியோ என்ற இடத்தில் பழைய மாயா நாகரிகத்தின் இடிபாடு இருக்கிறது. இஷ்செல் என்ற தெய்வத்துக்கான கோயில் அங்கே இருந்தது. பிள்ளைப்பேறு வேண்டி மாயாப் பெண்கள் கடல் கடந்து அந்தத் தீவுக்கு யாத்திரை வந்திருக்கிறார்கள். வரலாற்று வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? டாக்சி பிடித்துக் காலையிலேயே போங்கள், வெயிலுக்கு முன். உள்ளே மண்பாதையில் நடக்கவேண்டும், அம்மாவின் முழங்காலுக்கு ஏற்றபடி உட்கார்ந்து உட்கார்ந்து போங்கள். பேரனைத் தாத்தாவோடு முன்னால் அனுப்புங்கள், அவர் சொல்லிக்கொண்டே நடப்பார். கப்பலுக்குள் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமா என்று இப்போதே கேட்டு, வேண்டுமானால் ஒன்றை வாடகைக்குச் சொல்லிவையுங்கள். அந்தக் கப்பல்களில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடப்பதே முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரிய பாடு.

நான்கு நாள் தள்ளுபடி முடியட்டும். இந்தக் கம்பெனிகளின் விலை மாறிக்கொண்டே இருக்கும், தள்ளுபடியும் திரும்பத் திரும்ப வரும். என் பதில் வருவதற்குள் வாங்கியிருந்தீர்கள் என்றால் புறப்படும் முன்பே ரத்து செய்யுங்கள், பணம் திரும்ப வரும், கடைசி இரண்டு மூன்று நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே பந்தி நேரத்தைப் பின்னதாக மாற்றக் கேளுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். அறைப் பதிவையும் மாற்றுங்கள். நீங்களும் மனைவியும் ஓர் அறை. பிள்ளைகளில் யார் தாத்தா பாட்டியோடு என்பதை அவர்களே சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளட்டும்.