காஸாவில் சோறு வேக வேண்டும்: சின்ன வேனில் ஸ்பிட்டி போகிறவர்களுக்கு

கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நானும் மனைவியும் ஓய்வு பெற்றுவிட்டோம். செப்டம்பரில் இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குச் சொந்த வண்டியில் போய், அதிலேயே படுத்து, நாங்களே சமைத்துச் சாப்பிட ஆசை. மாருதி ஈகோ வாங்கலாமா, பொலேரோ கேம்பரா, இருக்கிற காரின் மேல் கூடாரம் போட்டால் போதுமா? இன்டக்‌ஷன் அடுப்பும் ஃப்ரிட்ஜும் பேட்டரியில் ஓடுமா? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?"

வண்டியைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். என்ன சாப்பிடப் போகிறீர்கள், அதைச் சமைக்க எவ்வளவு எரிபொருளும் தண்ணீரும் வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் எந்த வண்டி என்பது பாதி தீர்ந்துவிடும். பலர் வேனை வாங்கி, உள்ளே மர வேலையெல்லாம் முடித்த பிறகுதான் சமையலைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்போது கையில் பணமும் இருக்காது, வண்டியில் இடமும் இருக்காது.

மேலே ஏற ஏற காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். பாத்திரத்தில் எத்தனை நேரம் வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. சோறு வெளியே குழைந்து உள்ளே அரிசியாகவே நிற்கும். துவரம்பருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் நீங்கள் எடுத்துப் போகிற பொருட்களில் முதலிடம் மூன்று லிட்டர் குக்கருக்கு. கூடவே ஒரு கேஸ்கெட்டும் ஒரு சேஃப்டி வால்வும் உபரியாக இருக்கட்டும். அந்த உயரத்தில் குக்கருக்குள்ளும் சூடு ஊரில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவுதான். வீட்டில் ஆகிற நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு வையுங்கள், தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள்.

அரிசியில் பச்சரிசிதான் நல்லது, புழுங்கலரிசி அதிக நேரம் கேட்கும். அரைமணி நேரம் ஊறவைத்துப் போட்டால் கேஸ் மிச்சமாகும். துவரம்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பு. புளிக்காய்ச்சல், வத்தக்குழம்புக்கு வதக்கிய விழுது, பருப்புப்பொடி, வறுத்த ரவை, அவல், சேவை, பால்பவுடர் இவையெல்லாம் பாதி வேலையை வீட்டிலேயே முடித்துத் தருபவை. இட்லி மாவை விட்டுவிடுங்கள், அந்தக் குளிரில் புளிக்காது. காபிக்கு மட்டும் கவலை வேண்டாம். 88 டிகிரியில் டிகாக்‌ஷன் நன்றாகவே இறங்கும். ஊறுகாய், எண்ணெய் பாட்டில்களை மேலே போய்த் திறக்கும்போது மெதுவாகத் திருகுங்கள். கீழே அடைத்த காற்று உள்ளே அழுத்தத்தோடு இருப்பதால் பொங்கி வழியும்.

அடுத்தது அடுப்பு. 2,000 வாட் இன்டக்‌ஷன் அரைமணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி முழுக்கச் சார்ஜ் ஆகியிருந்தாலே 1.28 யூனிட்தான். கூரையில் 200 வாட் சோலார் போட்டால் நல்ல வெயிலில் நாளுக்கு முக்கால் யூனிட் வரலாம். ஆக, ஒருவேளைச் சமையலுக்கே பேட்டரி காலி. இன்டக்‌ஷனை மறந்துவிடுங்கள். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் நாளுக்கு 0.3 முதல் 0.5 யூனிட் வரை கேட்கும். ஓடும், ஆனால் உங்களுக்குத் தேவையா? போகிற வழியெல்லாம் அன்றாடம் காய்கறி கிடைக்கும், மேலே குளிரே போதும். இன்சுலின் போடுகிறவர் என்றால் கணக்கு வேறு. அப்போது சின்ன ஃப்ரிட்ஜ் அவசியம், மருந்து உறைந்துவிடாமலும் பார்க்க வேண்டும். மற்றபடி விளக்கு, போன், இரவில் ஒரு சின்ன விசிறி, இவ்வளவுக்கு 500 வாட்-அவர் பவர் ஸ்டேஷன் (கையில் தூக்கிப் போகிற பேட்டரிப் பெட்டி) போதும். வண்டி ஓடும்போது 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து ஏறிக்கொள்ளும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. இரவில் அது உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேஸுக்கு, சில பெட்ரோல் பங்குகளில் முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் (இண்டேனில் 'சோட்டு' என்ற பெயர்) சரியான தேர்வு. இருவருக்கு மூன்று வாரம் வரும். கையடக்க அடுப்புகளுக்குப் போடுகிற பியூட்டேன் டப்பாவை மட்டும் நம்பிப் போக வேண்டாம். பியூட்டேன் குளிரில் சரியாக ஆவியாகாது, காலையில் காபிக்குப் பற்றவைத்தால் சுடர் சோர்ந்துவிடும். சிலிண்டரில் புரொப்பேனும் கலந்திருப்பதால் குளிரிலும் எரியும். நிமிர்த்தி வைத்து, ஆடாமல் கட்டுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வேனுக்குள் அடுப்பு வேண்டாம். குளிர் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு 'கொஞ்ச நேரம் எரியட்டும்' என்று கண்டிப்பாக வைக்காதீர்கள். மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. அது தருகிற தலைவலியும் குமட்டலும் உயரத்தால் வருகிற தலைவலி, குமட்டலைப் போலவே இருக்கும். உயரத்தால் வந்தது என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவோம், அப்புறம் எழுந்திருக்க முடியாது. பின்கதவைத் தூக்கி, அதன் அடியில் வெளியே நின்று சமையுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று வாங்கிவிடுங்கள். குளிருக்கு நல்ல தூக்கப்பைதான் பதில், நெருப்பு அல்ல.

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு ஆறேழு லிட்டர், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. 20 லிட்டர் கேன் இரண்டு இருந்தால் மூன்று நாள் ஓட்டலாம். பெரிய தொட்டி வேண்டாம், எடை வீண்.

இப்போது வண்டி. பொலேரோ கேம்பர் இரட்டைக் கேபின் பிக்கப். மலைக்கு நல்ல உழைப்பாளி, ஆனால் படுக்க இடம் கிடையாது. பின்தொட்டியில் கூடு கட்டினால் செலவும் சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும். கூரைக் கூடாரம் நல்ல யோசனைதான், ஆனால் இரவில் ஏணி ஏறி இறங்க வேண்டும். உங்கள் வயதில், உறைகிற குளிரில், அதை நான் சொல்ல மாட்டேன். கார் கூரை ஓடும்போது எவ்வளவு எடை தாங்கும் என்பதும் கையேட்டில் பார்க்க வேண்டிய விஷயம்.

மிஞ்சுவது ஈகோ. விலையும் பராமரிப்பும் கையைக் கடிக்காது, இருக்கையை எடுத்தால் இருவர் காலை நீட்டிப் படுக்கலாம். 1.2 லிட்டர் இன்ஜின் உயரத்தில் 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் வலு இழக்கும், தரை இடைவெளியும் அதிகமில்லை. அதனால் எடையைக் குறைத்துப் போங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் உங்களுக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். நீங்கள் இருவரும் அந்தக் கணக்கில் அடக்கம்.

வெல்டிங், உயரக் கூரை, இருக்கை நீக்கம் எதையும் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்தில் காப்பீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வியும் அதுவாகவே இருக்கும். இருக்கையை எடுத்தால்தான் படுக்க முடியும் என்பதால், வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கட்டிலும் சமையல் பெட்டியும் ஸ்ட்ராப் போட்டுக் கட்டி, வேண்டாதபோது கழற்றுவதாக இருக்கட்டும்.

காஸாவுக்கு 3,000 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். மணாலி வழியாக ஏறாதீர்கள். சிம்லா, கின்னௌர் வழியாகப் போனால் உடம்பு மெல்லப் பழகும். கல்பாவில் இரண்டு இரவு, பிறகு தாபோ, அதன்பின் காஸா. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு அதிகமாக உயரக் கூடாது. புறப்படும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ரெக்காங் பியோ அருகே பொவாரியில் டேங்க்கை நிரப்புங்கள், அடுத்த பங்க் காஸாவில்தான். குன்சும் கணவாய் வழியாக மணாலிக்கு இறங்கும் பாதையில் ஓடைகளும் பாறைகளும் உண்டு. ஈகோவுக்கு அது வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள். குன்சும் தாண்டியுள்ள சந்திரதால் ஏரிக்கரையில் தங்கவும் தடை இருக்கிறது. குப்பையை ஒரு பையில் கட்டி கீழே கொண்டுவந்துவிடுங்கள், அந்தக் குளிர்ப் பாலைவனத்தில் எதுவும் சீக்கிரம் மக்காது.

வேன் வாங்கும் முன் இந்த மாதமே ஒரு வேலை செய்யுங்கள். இ-பாஸ் எடுத்து, குக்கரும் அடுப்பும் அரிசியும் பருப்புமாக உங்கள் காரிலேயே ஊட்டிக்குப் போங்கள். 2,240 மீட்டர், தண்ணீர் 92 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். தெரிந்தவர் வீட்டு முற்றமோ, அனுமதி தருகிற விடுதி வளாகமோ போதும். இரண்டு நாள் எல்லா வேளையும் நீங்களே சமைத்து, எத்தனை லிட்டர் தண்ணீர், எவ்வளவு கேஸ், எந்தப் பொருள் கையே படாமல் திரும்பியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு வேன் பார்க்கப் போங்கள்.