சாண்டியாகோ – புவனோஸ் ஐரிஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சிலியின் சாண்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸுக்கு 1,140 கி.மீ. என்கிறார்கள், 1,400 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். முன்னது நேர்கோட்டில் விமானத் தூரம், பின்னது அர்ஜென்டினாவின் மெண்டோசா நகர் வழியாகச் செல்லும் சாலையின் தோராயமான தூரம். ஆனால் இந்தப் பயணத்தில் கிலோமீட்டரை மட்டும் வைத்து நேரத்தைக் கணக்குப் போட முடியாது. நடுவில் ஆண்டீஸ் மலை நிற்கிறது.

கேள்வி: விமானத்தில் போகும்போது சுமார் 2 மணி நேரம், திரும்பும்போது 20, 25 நிமிடம் கூடுதல். ஒரே பாதைக்கு ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: காற்றுதான் காரணம். இந்தப் பகுதியில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் (அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) இன்னும் பலம். கிழக்கே போனால் தள்ளிவிடும், மேற்கே வந்தால் எதிர்த்து நிற்கும்.

இந்தச் சில நிமிடங்களை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1947 ஆகஸ்டில் புவனோஸ் ஐரிஸிலிருந்து சாண்டியாகோவுக்குப் புறப்பட்ட ‘ஸ்டார் டஸ்ட்’ விமானம் 11 பேருடன் காணாமல் போனது. எதிர்க்காற்றில் வேகம் குறைந்தது தெரியாமல், மலையைத் தாண்டிவிட்டோம் என்று நம்பி மேகத்துக்குள் இறங்கியிருக்கிறார்கள் என்பதே வலுவான விளக்கம். துப்புங்காத்தோ மலையின் பனியாற்றிலிருந்து சிதைவுகள் வெளிப்பட அரை நூற்றாண்டு ஆனது.

1972 அக்டோபரில் உருகுவே விமானப் படை விமானம் விழுந்ததும் இதே மலைத்தொடரில்தான். மலைக்கணவாயைத் தாண்டி குரிக்கோ நகரை எட்ட 11 நிமிடம் ஆக வேண்டும். 3 நிமிடத்திலேயே வந்துவிட்டதாக விமானி தகவல் சொன்னார். அதை நம்பி, மலையைத் தாண்டும் முன்பே வடக்கே சாண்டியாகோ பக்கம் திரும்பி இறங்கினார்கள். 45 பேரில் உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர். இன்று செயற்கைக்கோள் வழிகாட்டலும் ரேடாரும் இருப்பதால் பயம் வேண்டாம். ஆனாலும் மலைக்கு மேலே குலுக்கல் இருக்கும், சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: ஜூலை மாத டிக்கெட்டில் காலை 10 மணிக்குப் புறப்பாடு, பகல் 1 மணிக்கு வருகை. 3 மணி நேரமா பறக்கும்?

பதில்: இல்லை, 2 மணி நேரம்தான். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை சிலியின் கடிகாரம் அர்ஜென்டினாவைவிட 1 மணி நேரம் பின்தங்கி இருக்கும். மற்ற மாதங்களில் இரண்டுக்கும் ஒரே நேரம்.

கேள்வி: அகோன்காகுவா தெரிய எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

பதில்: சாண்டியாகோவிலிருந்து போனால் இடப்பக்க ஜன்னல், வரும்போது வலப்பக்கம். 6,961 மீட்டர் உயரம், அமெரிக்கக் கண்டங்களிலேயே உயர்ந்த சிகரம். இதற்காகவே பகல் விமானத்தைப் பிடியுங்கள்.

கேள்வி: பஸ்ஸில் போகலாமா?

பதில்: தாராளமாக. ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். சிலிப் பக்கம் ‘கராகோலெஸ்’ கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் எல்லைச் சுரங்கப்பாதை. நவம்பர் முதல் மார்ச் வரை அருமையான பயணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பனி கொட்டினால் கணவாயை மூடிவிடுவார்கள், திறக்கச் சில நாட்கள்கூட ஆகலாம். அந்த மாதங்களில் குறித்த தேதியில் வேலை இருந்தால் விமானத்திலேயே போய்விடுங்கள்.