பூ வாங்கிப் போனாலும் சந்தேகம்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். ஆர்டர் நெருக்கடியில் பல நாள் வீடு திரும்ப இரவு பதினொன்றாகிவிடும். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மனைவி வீட்டிலிருந்தே துணிகளுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறாள். கை வேலையில் இருக்கும், காதில் எஃப்.எம். ஓடும். இரவில் நேயர்களின் குடும்பப் பிரச்சினைகளைக் கேட்டு ஆலோசனை சொல்லும் நிகழ்ச்சி ஒன்றை மட்டும் தவறவே விடமாட்டாள்.

போன மாதம் மல்லிகைப்பூ வாங்கிப் போனேன். கையில் வாங்கியவள், "நேற்றுப் பேசிய பெண்ணின் கணவரும் இப்படித் திடீரென்று பூ வாங்கித்தான் ஆரம்பித்தாராம்" என்றாள். கைப்பேசியைக் குப்புற வைத்தால் அதற்கும் யாரோ ஒருத்தியின் கதை. தொகுப்பாளரை "அந்தத் தம்பி" என்று சொந்தக்காரரைப் போலச் சொல்கிறாள். ரேடியோவையே உடைத்துவிடலாம் போலிருக்கிறது. என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உடைத்துவிடாதீர்கள். அப்படி உடைத்த கணவரைப் பற்றியும் ஒருவர் ஏற்கெனவே அழைத்துச் சொல்லியிருப்பார்!

1940களில் ஹெர்ட்டா ஹெர்சாக் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் வானொலித் தொடர் நாடகம் கேட்கும் பெண்களிடம் பேசினார். அழுது மனம் ஆறுவதற்காகக் கேட்டவர்கள் இருந்தார்கள். தங்கள் வாழ்க்கைக்கு அதில் யோசனை கிடைப்பதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். கற்பனை நாடகத்துக்கே இப்படியென்றால், நிஜமான பெண் அழும் நிகழ்ச்சிக்குக் கேட்கவா வேண்டும்? தினமும் காதருகே பேசும் குரலோடு ஒருதலை உறவு வளர்வதைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956இலேயே எழுதிவிட்டார்கள். தனித்திருப்பவருக்கு அந்தத் 'தம்பி' ஒரு துணை. அதில் எனக்குக் குறையில்லை.

குறை வேறிடத்தில். சில நிமிடங்களில் ஒரு தரப்புக் கதை வருகிறது. அந்தக் கணவரை யாரும் விசாரிப்பதில்லை. ஆலோசனை, பாட்டு, விளம்பரம், அடுத்த அழைப்பு. சந்தேகம் பொய்யாகிப்போனால், அதைச் சொல்ல எத்தனை பேர் திரும்ப அழைப்பார்கள்? நிம்மதியாக இருப்பவர்களுக்கோ அழைக்க வேண்டிய தேவையே இல்லை. நாள் தவறாமல் கேட்பவருக்கு ஊரிலுள்ள ஆண்கள் எல்லோரும் ஒரே ரகம் என்று தோன்றிவிடுகிறது. பாதியில் நின்ற கதைகளின் மீதியை அவர் உங்களிடம் தேடுகிறார்.

உங்களிடமும் ஒரு கேள்வி. அந்தப் பூ எத்தனை நாள் கழித்து வாங்கிய பூ? கடிதத்தில் உங்கள் வேலை இருக்கிறது, அவர் கேட்கும் நிகழ்ச்சி இருக்கிறது. நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியது எங்குமில்லை. சீக்கிரம் வரும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேளுங்கள். கேலி வேண்டாம். முடிந்ததும், "நீயாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலில் பாதி உங்களுக்கானதாக இருக்கலாம். தாமதமாகும் நாட்களில், அவர் கேட்பதற்கு முன்பே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

தூக்கம் கெட்டு, எந்நேரமும் ஆதாரம் தேடும் அளவுக்குச் சந்தேகம் முற்றினால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416இல் அவரே பேசலாம். 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அந்த அழைப்பு ஒலிபரப்பாகாது.