ஐம்பதாவது பெயர்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற வாரம் 'சர்க்கம்வென்ட்' என்ற வினைச்சொல்லுக்கு 'விதியை மீறுதல்' என்று கரும்பலகையில் எழுதினேன். மீறுவதற்குத்தான் 'வயலேட்' இருக்கிறதே, பிறகு இது எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டேன்; ஆனால் என் மனம் ஒப்பவில்லை. இதற்குச் சரியான ஒற்றைத் தமிழ்ச்சொல் எது? அப்படியொன்று இல்லையென்றால் தமிழில் இந்த நுட்பம் இல்லை என்றுதானே பொருள்? இந்த வினைக்குப் பின் 'ஃப்ரம்' வருமா? எளிமையாக 'பைபாஸ்' என்றே சொல்லிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

'ஃப்ரம்' வராது. தமிழில் 'விதியை' என்று இரண்டாம் வேற்றுமை வருவதைப் போலவே, ஆங்கிலத்திலும் இந்த வினை விதியை நேரடியாகச் செயப்படுபொருளாக ஏற்கிறது. 'அரவுண்ட்' என்பதையும் சேர்க்க வேண்டியதில்லை. 'சுற்றி' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லும் 'வருதல்' என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லும் கூடிப் பிறந்த வினை அது. 'பைபாஸ்' உங்கள் கேள்விக்கு உதவாது, விட்டுவிடுகிறேன்.

அந்த மாணவியை ஏன் உட்கார வைத்தீர்கள்? உங்கள் வகுப்பில் அன்று கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அவளுடையது. மீறுகிறவன் விதியை உடைக்கிறான். அவனைப் பிடிக்கலாம், வழக்குப் போடலாம். சுற்றிப் போகிறவனோ விதியைத் தொடுவதே இல்லை. விதி ஓரெழுத்தும் சிதையாமல் தாளில் இருக்க, அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்கு மட்டும் அது இல்லாமற்போகிறது. இந்த வேறுபாட்டை நான் அகராதியில் கற்கவில்லை என்பதால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுகிறேன்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் அம்மா குன்னூர்ப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் உள்ள தோட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்கென்று ஒரு காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. இலங்கை வழக்கப்படி அம்மா அதைப் பிள்ளைக் காம்பரா என்பார். அந்தத் தோட்டத்தில் எழுபது பெண்களாவது மலையில் நின்றிருப்பார்கள். ஆனால் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் ஆட்பெயர்ப் பதிவேட்டில், எப்போதும் நாற்பத்தொன்பது பெயர்கள்தான் இருந்தன. மற்றவர்கள் ஓர் ஒப்பந்தக்காரரின் கணக்கில் எழுதப்பட்டார்கள், அவருடைய ஆட்கள் தங்கள் ஆட்கள் அல்லர் என்பது தோட்டத்தின் வாதம். ஆகவே அங்கே பிள்ளைக் காம்பரா கட்டப்படவில்லை. என்னைப் பார்த்துக்கொள்வதற்காக என் அக்கா நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்றும் கையெழுத்து மட்டுமே போடுவார்.

அந்தத் தோட்டம் சட்டத்தை மீறியது என்று நீங்கள் மொழிபெயர்த்தால், அதன் கணக்கப்பிள்ளை செக்ரோலை விரித்துக் காட்டி உங்களைப் பொய்யராக்கிவிடுவார். 1981ஆம் ஆண்டுத் திருத்தம், ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்யும் பெண்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியது; பெண்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் குழந்தைகள் இருபது பேர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றும் சேர்த்தது. மீறல் மட்டுமே சிக்கலாக இருந்திருந்தால் தண்டனையைக் கூட்டியிருந்தால் போதும். சுற்றிப் போகும் வழியை அடைப்பதற்குத்தான் விதியின் வாசகத்தையே மாற்ற வேண்டியிருந்தது. அதற்குள் அக்காவுக்குப் பள்ளி வயது கடந்துவிட்டது.

இனி, தமிழில் நுட்பமில்லை என்று நீங்கள் எழுதிய வரி. அது என்னைக் கோபப்படுத்தியது, ஏனென்றால் உங்களைப் போன்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். கல்லட்டி மலைப்பாதை முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளால் செங்குத்துச் சரிவைச் சமாளிக்கிறதே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே வினையைச் சொல்லலாம். அதில் குற்றம் ஏதும் இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65அ பிரிவு இதே வினையைப் பயன்படுத்தும்போதுகூட, உரிமையை மீறும் நோக்கத்தோடு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் நாம் சரிவைச் சுற்றிப் போவோம். சட்டத்துக்கோ போக்குக் காட்டுவோம். சாக்குச் சொல்லிக் காலம் கடத்துவது தட்டிக்கழித்தல், நம்பியவரை வஞ்சிப்பது ஏய்த்தல், பிடி இறுகும்போது தப்புவது நழுவல். அந்த லத்தீன் வினைக்கே பகைவரைச் சூழ்வது, ஏமாற்றுவது என்ற பொருள்கள் இருந்தன. கோட்டையை வளைப்பதையும் ஆளை வளைத்துப் போடுவதையும் ஒரே வினையால் சொல்லும் நமக்கு அந்த உறவு புதிதன்று. இத்தனையும் கையில் இருக்க, ஒற்றைச் சொல் இல்லை என்பதை வறுமை என்று எப்படி எழுதத் துணிந்தீர்கள்? எந்த வகையில் சுற்றிப் போனார்கள் என்பதைச் சொல்லாமல் தமிழில் இதைச் சொல்ல முடியாது. அதை நான் குறையாகக் கருதவில்லை.

என் அம்மா ஆங்கிலம் அறியாதவர். அவர் அந்தத் தோட்டத்தைப் பற்றி மீறல் என்றோ ஏமாற்று என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. "அம்பதாவது பேர எழுதாமயே வச்சிருந்தாங்க" என்பார், அவ்வளவுதான். உங்கள் வினைச்சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான மொழிபெயர்ப்பை நான் இதுவரை பார்க்கவில்லை. தேர்வுக்கு ஏதேனும் எழுதிப்போட்டே ஆக வேண்டுமென்றால், 'விதியை உடைக்காமல் அதன் பிடியிலிருந்து சுற்றிப் போதல்' என்று எழுதுங்கள். நீளமாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். அடுத்த வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும், அந்த மாணவி கேட்டது சரியென்று அவளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்